செட்டிநாட்டு வெயிலுக்கு ஏற்றது எது: எண்ணெய் அத்தரா, ஸ்பிரே சென்ட்டா?

வீட்டுத் திருமணத்தை முன்னிட்டு வாசனைத் திரவியம் தேடியபோது, சந்தன எண்ணெயில் இறக்கிய வெட்டிவேர் அத்தரையும், பழக்கமான ‘ஓ டி பார்ஃபம்’ ஸ்பிரேயையும் அருகருகே வைத்துப் பார்த்து, இறுதியில் அத்தரையே தேர்ந்தேன். ஸ்பிரே எளிதாகப் பரவும், கையில் பிசுபிசுப்பு ஒட்டாது என்பதெல்லாம் எல்லோரும் அறிந்ததுதான்.

ஸ்பிரே புட்டியில் பெரும்பகுதி ஆல்கஹால். ‘ஓ டி டாய்லெட்’ என்றால் மணப்பொருள் ஏறக்குறைய 5 முதல் 15 விழுக்காடு, ‘ஓ டி பார்ஃபம்’ என்றால் 15 முதல் 20 விழுக்காடு இருக்கும். அத்தரில் ஆல்கஹால் இல்லை. அத்தருக்குப் பெயர்போன உத்தரப் பிரதேச ஊரான கன்னோஜில் செப்புக் கலத்தில் பூவையோ வேரையோ நீருடன் கொதிக்க வைத்து, எழும் ஆவியைச் சந்தன எண்ணெய் நிரம்பிய மற்றொரு கலத்தில் குளிர வைப்பார்கள். மணத்தை அந்த எண்ணெயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

என் முடிவைத் தீர்மானித்தது, திறந்த புட்டி நம் ஊர்க் கோடையில் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்ற ஒரே கேள்வி. ஸ்பிரேக்களின் ‘டாப் நோட்’, அதாவது அடித்தவுடன் எழும் முதல் மணம், பெரும்பாலும் எலுமிச்சை, ஆரஞ்சு, லாவெண்டர் வகையைச் சேர்ந்தது. அவற்றிலுள்ள லிமோனீன், லினலூல் ஆகியவை பத்துக் கார்பன் அணுக்கள் கொண்ட இலகுவான மூலக்கூறுகள். விரைவாக ஆவியாகும், காற்றும் வெப்பமும் ஒளியும் பட்டால் ஆக்சிஜனோடு சேர்ந்து மணம் திரியும். முகப்பில் வெயில் படும் அலமாரியில் ஓராண்டு கிடந்த ஸ்பிரே முதல் நொடியில் புளிப்பாக வீசுவதற்குக் காரணம் இதுவே. சந்தனத்தின் சாண்டலாலும் வெட்டிவேரின் குசிமாலும் பதினைந்து கார்பன் கொண்ட கனமானவை. மெல்ல ஆவியாகி ‘பேஸ் நோட்’ என்னும் அடிமணமாகக் கடைசிவரை நிற்பவை. நன்கு மூடி இருட்டில் வைத்தால் ஆண்டு செல்லச் செல்ல இவற்றின் கூர்மை தணிந்து மணம் மென்மைப்படும். நம் பழைய வீடுகளில் வளவை, அதாவது நடு முற்றத்தை ஒட்டிய, சன்னலில்லாத உள்ளறைகள் இதற்கென்றே கட்டியவை போல் இருக்கின்றன.

ஆனால் எண்ணெய் என்பதாலேயே எல்லா அத்தரும் நிலைத்துவிடாது. மல்லிகை அத்தர் சந்தனத்தைப் போல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்காது. நிறம் கருத்து, பூவின் புதுமை முதலில் போய்விடும். அதைவிடக் கவனிக்க வேண்டியது அடிப்படை எண்ணெய். சந்தன எண்ணெய் விலை மிகுந்தது என்பதால் திரவப் பாரஃபின் என்னும் கனிம எண்ணெயையோ டைஎத்தில் தாலேட் என்னும் வேதிக் கரைப்பானையோ சேர்த்த சரக்குகள் கடைகளில் நிறைய உண்டு. 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் ஐந்து மடங்கு அளவுக்குக் கலந்தால் சந்தன எண்ணெய் தெளிவாகக் கரையும். பாரஃபின் கலங்கிப் பிரியும். தாலேட் கரைந்துவிடுவதால் இச்சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. அந்த இடத்தில் நம்பகமான வியாபாரியைத் தவிர வேறு துணை இல்லை.

ஸ்பிரேக்கு உரிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். கண்டாங்கிச் சேலையிலோ பட்டிலோ அத்தர் பட்டால் எண்ணெய்க் கறை நிற்கும். சற்றுத் தள்ளி அடித்த ஸ்பிரேயில் அந்த அச்சம் குறைவு. கஸ்தூரி மானைக் கொல்லாமல் கஸ்தூரி மணம் கிடைப்பதும் இன்றைய செயற்கைக் கஸ்தூரிகளால்தான். அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். மணப்பொருள் மிகுந்த உயர்விலை ‘பார்ஃபம்’ வகையை நான் நெடுநாள் வைத்துப் பயன்படுத்தியதில்லை. அடிமணம் கனமாக இருந்தால் அதுவும் அத்தருக்கு ஈடாக நிற்கக்கூடும் என்று மட்டும் சொல்வேன்.

எனவே வெட்டிவேர் அத்தரை ஒரு தோலா, அதாவது சுமார் 12 மில்லி, வாங்கி உள்ளறைப் பெட்டியில் வைத்தேன். மணிக்கட்டிலும் காதின் பின்புறமும் ஒரு துளி போதும். பட்டுடுத்தும் நாளுக்கு மட்டும் சிறிய ஸ்பிரே புட்டி ஒன்று. அடுத்த கோடைக்குள் தீர்ந்துவிடும் அளவுக்கு மேல் அதை வாங்கவில்லை.