காலரா பரவும் ஊரில் குளோரின்: மாத்திரையா, டிஸ்பென்சரா, குழாயடியில் ஓர் ஆளா?

ஆப்பிரிக்க நாடான மலாவியின் மச்சிங்கா மாவட்டத்தில் 2022 மார்ச்சில் தொடங்கிய காலரா, அடங்குவதற்குள் நாடு முழுவதும் 1,700 பேருக்கு மேல் பலிகொண்டது. தடுப்பு மருந்துக்குத் தட்டுப்பாடு வந்து, அந்த ஆண்டு அக்டோபரில் இரண்டு தவணை என்பதை உலக அளவில் ஒன்றாகக் குறைத்திருந்தார்கள். இந்த மாதிரி இடத்துக்கு உதவப் போகும் சிறிய அமைப்புக்குத் தண்ணீர்தான் கைக்கெட்டும் வேலை. நோய் வந்தவருக்கு ஓஆர்எஸ்ஸும் நரம்பில் ஏற்றும் ரிங்கர் லாக்டேட்டும் எப்படியும் வேண்டும், அதில் பேச்சே இல்லை. குளோரினை எந்த வழியில் குடத்துக்குள் சேர்ப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. என் ஓட்டு, அடிகுழாய்க்குப் பக்கத்தில் ஓர் ஆளை உட்காரவைத்து ஒவ்வொரு கேனுக்கும் மருந்து விடுவதற்கே.

திறந்த கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவதைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. இறைக்க இறைக்க புது ஊற்று வரும், கிணற்றின் அழுக்கு குளோரினைத் தின்றுவிடும். சீக்கிரமே பழைய தண்ணீர்தான்.

மாத்திரைக்கு இருக்கும் பெரிய பலம், தூக்கிக்கொண்டு போவது எளிது என்பது. 67 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 20 லிட்டர் தெளிந்த தண்ணீருக்கு லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் குளோரின் தரும். அரை மணி நேரம் பொறுத்துக் குடிக்கலாம். சிக்கல் வீட்டுக்குள்ளே. ஓர் அமைப்பு 67 கொடுக்கும், இன்னொன்று 33 கொடுக்கும், வீட்டில் இருப்பதோ 10 லிட்டர் வாளி. கணக்குத் தப்பினால் ஒன்று மருந்து போதாது, இல்லையென்றால் நாற்றம் தாங்காமல் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுவார்கள். அவசர நிலைகளில் வீட்டுச் சுத்திகரிப்பை அளந்து பார்த்த ஓர் ஆய்வில், முறையாகப் பயன்படுத்தியவர்களின் பங்கு ஓரிடத்தில் பூஜ்யம், இன்னோரிடத்தில் மூன்றில் இரண்டு. சொல்லிக்கொடுத்த விதத்துக்கும் அதில் பங்கு உண்டு. வீடுகள் சிதறிக் கிடக்கும் மலைக்கிராமத்துக்கும், ஆற்றிலிருந்து நேரே மொள்ளும் இடத்துக்கும் மாத்திரையைத் தவிர வேறு வழியில்லை.

டிஸ்பென்சர் என்பது அடிகுழாய் ஓரத்தில் கம்பத்தில் நிற்கும் பெட்டி. திருகினால் 3 மில்லி நீர்த்த குளோரின் விழும், அது 20 லிட்டர் கேனுக்கு அளவு. கென்யா, உகாண்டா, மலாவிக் கிராமங்களில் இதற்கு நல்ல பெயர் உண்டு. ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய திட்டமென்றால் நானும் இதையே சொல்வேன். ஆனால் 3 மில்லி என்றால் எப்போதும் 3 மில்லிதான். மழை பெய்து தண்ணீர் கலங்கினாலும் அது மாறாது. மண் சாலை அறுத்துக்கொண்டால் குளோரின் ஏற்றிவரும் மோட்டார் சைக்கிள் வராது. காலரா வருவதும் பெரும்பாலும் அதே மழைக்காலத்தில்தான்.

குழாயடி ஆளுக்கு வேண்டியது மூடியுள்ள, வெளிச்சம் புகாத பிளாஸ்டிக் கேன், ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச், குளோரின் அளக்கும் சிறு பெட்டி, குடை. 65–70 சதவீத வீரியமுள்ள ஹெச்டிஹெச் (கால்சியம் ஹைப்போகுளோரைட்) தூள் 15 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் 1 சதவீதக் கரைசல். சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். தூள் கிடைக்காமல் 30 சதவீத பிளீச்சிங் பவுடர் வந்து சேர்ந்தால் 33 கிராம் வேண்டும். அதே 15 கிராமையே போட்டால் வீரியம் பாதிக்கும் கீழே போய்விடும், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

காலையில் நான்கு வாளிகளில் 20 லிட்டர் பிடித்து 2, 4, 6, 8 மில்லி விட்டு, அரை மணி கழித்து எஞ்சிய குளோரினைப் பாருங்கள். லிட்டருக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் காட்டும் வாளியின் அளவுதான் அன்றைய அளவு. மழை பெய்தால் மறுபடி சோதனை. 20 என்டியு-வுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) மேல் கலங்கலாக இருந்தால் முதலில் படிகாரம் போட்டுத் தெளியவைக்க வேண்டும், குளோரினைக் கூட்டி ஈடுகட்ட முடியாது.

சோதனைப் பெட்டியில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நிறம் காட்டும் சோதனை மாத்திரைகளில் டிபிடி 1 மட்டும்தான் கிருமியைக் கொல்ல எஞ்சிய குளோரினைத் தனித்துக் காட்டும். 3-ஆம் எண்ணையும் சேர்த்துப் போட்டால் அழுக்கோடு சேர்ந்து வலுவிழந்ததும் உட்பட மொத்தக் குளோரினும் தெரிந்து, எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். இன்னொன்று, மருந்து மிக அதிகமாகிவிட்டால் இளஞ்சிவப்பு நிறமே வெளுத்துப் போகும். அதைப் பூஜ்யம் என்று படித்து மேலும் ஊற்றுவார்கள். சந்தேகம் வந்தால் சுத்தமான, குளோரின் இல்லாத தண்ணீரைக் கலந்து நீர்த்துப் பாருங்கள்.

இனி பராமரிப்பு. தேர்வைத் தீர்மானிப்பது இதுதான். ஓர் அடிகுழாய்க்கு 500 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்றால் 375 கேன். கேனுக்கு 4 மில்லி வீதம் ஒன்றரை லிட்டர் கரைசல், அதாவது 22.5 கிராம் தூள். ஒரு கிலோ தூள் ஒன்றரை மாதம் வரும். எனவே மருந்து ஒரு செலவே இல்லை, கூலிதான் செலவு. நன்கொடையாளருக்குத் தூள் டிரம்மைப் படம்பிடித்து அனுப்பலாம், கூலியை எப்படிப் படம்பிடிப்பது? அதனால்தான் பட்ஜெட்டில் முதலில் கை வைப்பது அங்கே.

கூலி இரண்டு வாரம் தாமதமானால் ஆள் வயலுக்குப் போய்விடுவார். விடியுமுன்பே தண்ணீர் எடுக்க வரும் பெண்களின் கேன்கள் மருந்தில்லாமல் போகும். ஆகவே குழாய்க்கு ஒருவர் போதாது, முறை மாற்றி இருவர் வேண்டும், முதல் முறைக்காரர் இருட்டோடு வர வேண்டும். பத்துக் குழாய்க்கு ஒரு மேற்பார்வையாளர். அவர் வேலை குழாயடியில் நிற்பதல்ல, தினமும் சில வீடுகளுக்குப் போய், முந்தின நாள் பிடித்த தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பது. மிஞ்சவில்லையென்றால் பெரும்பாலும் குற்றவாளி பாசி பிடித்த கேன். கூழாங்கல்லும் கொஞ்சம் கரைசலும் போட்டுக் குலுக்கிக் கழுவினால் சரியாகும். சிரிஞ்சின் ரப்பர் முனை குளோரினில் இறுகிப்போய் அளவு தவறும், வாரம் ஒன்று மாற்றுங்கள். கரைசலையும் ஒரு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

நான் சொல்வதெல்லாம் பலர் கூடும் குழாயடிக்கும் நோய் பரவும் சில மாதங்களுக்கும்தான். லாரித் தண்ணீர் வாங்கும் நகரக் குடிசைப் பகுதிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். அங்கே லாரித் தொட்டியிலேயே மருந்து விடுவது மேல். புதிய நோயாளிகள் நின்ற பிறகும் ஆட்களுக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருப்பது கட்டுப்படியாகாது. அப்போது அதே குழாய்களில் டிஸ்பென்சரை வைத்து, இதுவரை மருந்து விட்டவரையே அதன் பொறுப்பாளராக்கிவிடலாம்.

பணம் கொடுக்குமுன் திட்ட அறிக்கையில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: வாரக் கூலி யார் கையால், எந்தக் கிழமை; டிபிடி 1 மாத்திரை எத்தனை.