பசி, பசினு சொல்லி என் ஜூலிக்கு மாத்திரையும் லூஸ் தீனியும் வித்த கடை - கடலூர்ல நாய் வளக்குறவங்க கொஞ்சம் படிங்க

கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க. வீட்ல லேப் (லாப்ரடார் நாய்) வச்சிருக்கவங்க, "எவ்ளோ போட்டாலும் பத்தல, காலி தட்டையே நக்கிட்டு நிக்குது"னு சொல்றவங்க கண்டிப்பா முழுசா படிங்க.

நாங்க தேவனாம்பட்டினம் பக்கம். ஜூலிக்கு நாலு வயசு, மஞ்ச கலர் லேப், கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு, அப்ப எடை 28 கிலோ. போன ஐப்பசில மழை புடிச்சதும் உடம்பெல்லாம் சொறிய ஆரம்பிச்சா, வால் அடியில முடி கொட்டி செவந்து போச்சு, ராத்திரி பூரா டக் டக்னு தரையில கால் அடிக்கிற சத்தம், எங்கம்மாக்கு தூக்கமே இல்ல. நாங்க வழக்கமா காட்டுற டாக்டர் ஊர்ல இல்ல, அதனால தீனி வாங்குற கடையிலயே கேட்டேன். ரெண்டு வருஷமா அங்கதான் வாங்குறேன், நம்பிக்கைதான். கடைக்காரர் "அக்கா இதுக்கெல்லாம் டாக்டர் எதுக்கு, நான் தரேன் பாருங்க, மூணு நாள்ல நிக்கும்"னு ஒரு வெள்ளப் பேப்பர் கவர்ல பத்து மாத்திரை போட்டு மேல பேனாவுல "தோல், காலை 1 இரவு 1"னு எழுதி குடுத்தார். பில் இல்ல, பட்டை இல்ல, பேர் இல்ல. 150 ரூபா.

மூணு நாள்ல சொறி நின்னுச்சு. அதான் மோசமே, நின்னுச்சு. அதுனால எனக்கு சந்தேகமே வரல. மாத்திரைய விட்டா நாலு நாள்ல திரும்ப சொறிவா, திரும்ப போய் வாங்குவேன், இப்படியே நாலு மாசம்.

இதுக்கு நடுவுல தான் பசி ஆரம்பிச்சுது. லேப்னா பசி இருக்கும், அது எனக்குத் தெரியும். இது வேற மாதிரி. சாப்ட்டு அஞ்சு நிமிஷத்துல கிச்சன் வாசல்ல நின்னு அழுவா, குப்பக்கூடைய கவுத்துட்டு வாழைப்பழத் தோல தின்னா, பீச்ல வலைக்காரங்க போட்ட மீன் தலைய பாத்தா கயிற இழுத்துட்டு ஓடுவா. தண்ணி குடம் குடமா குடிச்சா. வீட்டுக்குள்ள ஒண்ணுக்கு போகாத பொண்ணு, ராத்திரில ஹால்லயே போயிட்டு மூலையில போய் தலைய தொங்கப் போட்டு உக்காந்துக்குவா. நான் அவள திட்டுனேன். இப்ப அத நெனச்சா என்னால தாங்க முடியல, அவ மேல ஒரு தப்பும் இல்ல.

கடைல சொன்னேன், "தம்பி இவ எப்பவும் பசின்றா, தண்ணியும் நெறைய குடிக்கிறா". அப்பவாச்சும் அந்த மனுஷன் உண்மைய சொல்லிருக்கலாம். "நீங்க கம்மியா போடுறீங்க அக்கா, லேப் பாடிக்கு பத்தாது, பசியில தான் சொறியும் வருது"னு சொல்லி 500 ரூபா வாங்கிட்டு ஒரு டயட் சார்ட் எழுதிக் குடுத்தார். ஒரு நாளைக்கு மூணு வேளை, வேளைக்கு ஒன்றரை கப், கப்பையும் அவரே குடுத்தார், ஒரு கப்புனா 100 கிராம்னு சொன்னார். தீனியும் மூட்டையில இருந்து லூஸா அள்ளி பிளாஸ்டிக் கவர்ல கட்டிக் குடுக்குறது, கிலோ 220. என்ன கம்பெனி, எப்ப பேக் பண்ணது, 100 கிராம்ல எத்தன கலோரி, எதுவும் அதுல கெடையாது. அதுக்கு மேல எங்கம்மா "புள்ள ஏங்குது பாரு, பாவம்"னு மத்தியானம் ரெண்டு உருண்டை தயிர் சாதம். அம்மாவ குத்தம் சொல்ல மாட்டேன், அந்தக் கண்ண பாத்தா யாருக்கும் மனசு வராது.

மாசி மகத்தன்னிக்கு சாமிங்கல்லாம் கடலுக்கு வருமே, அன்னிக்கு பாண்டில இருந்து சித்தி மக வந்திருந்தா. வாசல்ல ஜூலிய பாத்துட்டு "என்னக்கா, சினையா இருக்காளா?"னு கேட்டா. ஆபரேஷன் ஆன நாய்னு சொன்னதும் அவ மொகமே மாறிடுச்சு. வயிறு தொங்குது, முதுகுல முடி மெலிஞ்சு கெடக்கு, படுத்த எடத்துலயே மூச்சு வாங்குது. தெனம் பாக்குற எங்க கண்ணுக்கு அது தெரியாம போச்சு. மறுநாளே கார் எடுத்துட்டு குருமாம்பேட்ல இருக்குற ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு கூட்டிட்டுப் போனோம்.

எடை மேடையில நிக்க வச்சா 35.4 கிலோ. நாலு மாசத்துல ஏழு கிலோவுக்கு மேல.

டாக்டர் மேடம் மொதல்ல கேட்டது தீனிய பத்தி இல்ல, "என்னென்ன மருந்து குடுக்குறீங்க?"னு தான் கேட்டாங்க. கவர காட்டுனேன். கடைசி தடவ கடைல இருந்த சின்னப் பையன் கவர்ல போடாம பட்டைய கத்திரியால வெட்டி அப்படியே குடுத்துட்டான், அந்த வெள்ளித்தாள் பின்னாடி "பிரெட்னி"ன்ற வரைக்கும் எழுத்து இருந்துச்சு. மேடம் அத பாத்துட்டு "ஸ்டீராய்டும்மா இது, பிரெட்னிசலோன்"னாங்க. அகோரப் பசி, தாகம், அடிக்கடி ஒண்ணுக்கு, தொங்குற வயிறு, முடி மெலியிறது, மூச்சு வாங்குறது, எல்லாமே இந்த மருந்து ரொம்ப நாள் போனா வர்றது தானாம். டாக்டருங்களும் தேவைப்பட்டா குடுக்குற மருந்துதான், ஆனா அளவு வச்சு, நாள் வச்சு, கொறச்சுக்கிட்டே வந்து நிறுத்தணும். நான் கோவத்துல "இன்னியோட தூக்கிப் போட்டுடறேன் மேடம்"னு சொன்னேன், அவங்க பதறிட்டாங்க. மாசக்கணக்கா வெளிய இருந்து ஸ்டீராய்டு போனா உடம்பு தானா சுரக்குறத நிறுத்திக்குமாம், திடீர்னு நிறுத்துனா வாந்தி, சோர்வு, மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாமாம். ரத்தம் எடுத்து பாத்துட்டு வாரா வாரம் கொறைக்க எழுதிக் குடுத்தாங்க. சொறிக்கு காரணம் உண்ணி, அதுக்கு தனி மருந்து. அவ்ளோதான், அந்த உண்ணி இருக்குறத நாலு மாசமா இந்த மாத்திரை மறச்சு வச்சிருந்துச்சு.

அந்த கப்பையும் எடுத்துட்டுப் போயிருந்தேன். டிஜிட்டல் தராசுல வச்சா 100 கிராம் இல்ல, 130. அப்ப ஒரு நாளைக்கு 450ன்னு நெனச்சு நான் போட்டது 585 கிராம். சாதாரண டிரை ஃபுட் 100 கிராமுக்கு 350 கலோரினு வச்சா கூட ரெண்டாயிரத்துக்கு மேல போகுது, தயிர் சாதம் தனி. அவளுக்கு எவ்ளோ வேணும்னு மேடம் என் கண்ணு முன்னாடி போட்டுக் காட்டுனாங்க: இருக்க வேண்டிய எடை 28, அத முப்பதால பெருக்கி எழுபது கூட்டுனா 910 கலோரி. எடை கொறையிற வரைக்கும் அவ்ளோதான். 350 கலோரி தீனில அது 260 கிராம். நான் போட்டதுல பாதி கூட இல்ல!

"மேடம், இவ பசியில செத்துருவாளே"ன்னேன். அதுக்கு அவங்க சொன்னதுதான் எனக்கு கண்ணத் தொறந்துச்சு. லேப்ல நாலுல ஒண்ணுக்கு பிறவியிலயே ஒரு ஜீன்ல கொறை இருக்கும், வயிறு ரொம்பிடுச்சுனு மூளைக்கு போற சேதி சரியா போகாதுன்னாங்க. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன், கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டி ஆளுங்க 2016ல கண்டுபுடிச்சது, பி.ஓ.எம்.சி.னு ஜீன் பேரு. ஆக மாத்திரைய நிறுத்துனாலும் ஜூலி கேட்டுக்கிட்டே தான் இருக்கலாம், அவ மொகத்த பாத்து அளவு வைக்க முடியாது. கைய வச்சுதான் பாக்கணும். உங்க கைய நீட்டி புறங்கைய தடவிப் பாருங்க, எலும்பு லேசா தட்டுப்படும், நாயோட விலா அப்படி இருந்தா சரி. கைவிரல மடக்கி விரல் முட்டிய தடவுனா எப்படி இருக்கோ அப்படி இருந்தா ரொம்ப ஒல்லி. உள்ளங்கை மாதிரி மெத்துனு இருந்தா குண்டு. ஜூலிக்கு அன்னிக்கு விலா எங்க இருக்குனே எனக்கு கைல அகப்படல. இன்னொரு ஆராய்ச்சியும் படிச்சேன், 48 லேப் நாய்ங்கள குட்டியில இருந்து சாகுற வரைக்கும் பாத்திருக்காங்க, கால்வாசி கம்மியா சாப்ட்ட கூட்டம் சராசரியா ரெண்டு வருஷத்துக்கு கொஞ்சம் கம்மியா கூட வாழ்ந்திருக்கு, 2002ல வந்தது. அளந்து போடுறது கொடுமைனு நெனச்சிட்டிருந்த எனக்கு இது பெரிய ஆறுதல்.

இப்ப 260 கிராம், தராசுல வச்சு கிராம் கணக்குதான், கப்பு கெடையாது. காலையில எடை போட்டு டப்பால வச்சிடுவேன், அந்த டப்பால இருந்து தான் நாள் பூரா. மூணு வேளைக்கு பதிலா நாலா பிரிச்சேன், கூட வேகவச்ச பீன்ஸ், பூசணி, வெள்ளரிக்கா. அம்மாக்கு கை நீட்டி குடுக்கலனா மனசு கேக்காது, அதனால அந்த பீன்ஸ அவங்க கையால குடுக்கச் சொல்லிட்டேன். சாம்பார் சாதம் சுத்தமா கூடாது, வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது.

கடைக்கு போய் கேட்டேங்க. "நான் மாத்திரையே தரலக்கா, அது சத்து மாத்திரை"ன்னார், ஒரே வாக்கியத்துல ரெண்டும். பில் இருக்கானு கேட்டார். என்கிட்ட இருந்தது ஜிபே ஹிஸ்டரியும், அவர் கையெழுத்து இருக்குற கவரும், அந்த வெட்டுன பட்டையும் தான். டாக்டர் சீட்டு இல்லாம விக்கவே கூடாத மருந்து இது, அதுவும் தீனிக் கடைல. 1915க்கு போன் பண்ணி நுகர்வோர் புகார் பதிஞ்சிட்டேன், மருந்து ஆய்வாளர் ஆபீஸ்லயும் எழுதிக் குடுத்திருக்கேன், ரெண்டுமே நடந்துட்டு இருக்கு. அது முடியிற வரைக்கும் கடைப் பேர் போட மாட்டேன், இன்பாக்ஸ்ல கேக்காதீங்க.

உங்க வீட்லயும் பேர் இல்லாத பேப்பர் கவர் மாத்திரை போயிட்டிருந்து, நாய் திடீர்னு பசி பசினு தண்ணியும் நெறைய குடிச்சா, தயவு செஞ்சு நீங்களா நிறுத்தாதீங்க, கவரோட அப்படியே தூக்கிட்டு டாக்டர்ட்ட போங்க. சக்கரை வியாதி, குடல் புழு, வேற ஹார்மோன் கோளாறுலயும் இதே பசி வருமாம், ரத்தம் பாத்தாதான் தெரியும். தீனிய சீல் பிரிக்காத பையில வாங்குங்க, 100 கிராமுக்கு எத்தன கலோரினு அதுலயே பாருங்க.

அஞ்சு மாசம் ஆச்சு. மாத்திரை முழுசா நின்னு ரெண்டரை மாசம். ஹால்ல ஒண்ணுக்கு போறது மாத்திரை கொறைஞ்ச மூணாவது வாரமே நின்னுடுச்சு. நேத்து எடை 29.6. விலா கைக்கு தட்டுப்படுது. இன்னும் தட்ட நக்கிட்டு தான் நிக்குறா, நான் பக்கத்துல உக்காந்து தடவிக் குடுக்குறேன்.