சிக்னல், சிக்ஆக்‌ஷன்: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, சோலாரிஸ் ஆகிய மூன்று இயங்குதளங்களிலும் ஓட வேண்டிய சர்வர் நிரல்களை சி மொழியில் எழுதுவது என் வேலை. சிக்னல்களை, அதாவது ஓடும் நிரலுக்கு இயங்குதளம் இடையில் அனுப்பும் அறிவிப்புகளை, பிடிக்கும் ஃபங்ஷன்களோடு பல வருடப் பழக்கம். இவை தரநிலைக்கு உட்பட்டவையா என்று கேட்டால், ஆமாம், எல்லாமே உட்பட்டவைதான். தொல்லையே அங்கேதான் இருக்கிறது.

சிக்னல்() என்ற பழைய ஃபங்ஷனையே பாருங்கள். சிஸ்டம் ஃபைவ் என்ற பழைய யுனிக்ஸின் வழியில், ஹேண்ட்லர் (சிக்னல் வந்ததும் ஓடும் நம் ஃபங்ஷன்) ஓடத் தொடங்கும்போதே அந்த சிக்னல் பழைய இயல்புநிலைக்குப் போய்விடும்; பெரும்பாலும் அது நிரலைக் கொல்வதுதான். 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகை இதை மாற்றியது: ஹேண்ட்லர் நிலையாக இருக்கும், அது ஓடி முடியும்வரை அதே சிக்னல் மீண்டும் உள்ளே வராது. சி தரநிலையும் போசிக்ஸும் (யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரநிலை) இரண்டில் எதையும் தவறு என்று சொல்லவில்லை. சோலாரிஸ் முதல் வழியிலும் ஃப்ரீபிஎஸ்டி இரண்டாம் வழியிலும் போகின்றன.

லினக்ஸில் இன்னும் வேடிக்கை. கன்ட்ரோல்-சி அழுத்தினால் ஒரு வரி எழுதிவிட்டுத் தொடரும் சின்ன நிரல் ஒன்றை ஜிலிப்சி என்ற சி நூலகம் உள்ள கணினியில் ஜிசிசி கம்பைலரின் இயல்பான அமைப்பில் கம்பைல் செய்யுங்கள். எத்தனை முறை அழுத்தினாலும் ஹேண்ட்லர் ஓடும். அதே கோப்பை, ஒரு எழுத்தும் மாற்றாமல், தரநிலையை ‘சி99’ என்று கண்டிப்பாக்கிக் கம்பைல் செய்யுங்கள். முதல் அழுத்தலுக்கு வரி வரும், இரண்டாவதற்கு நிரல் செத்துவிடும். கண்டிப்பான அமைப்பில் ஜிலிப்சியின் கூடுதல் வசதிகளைத் திறக்கும் மேக்ரோக்கள் விலகுவதால், சிக்னல்() சத்தமில்லாமல் சிஸ்டம் ஃபைவ் பக்கம் தாவுகிறது. மஸல் என்ற மாற்று சி நூலகத்தில் இந்தத் தாவல் கிடையாது.

1988இன் போசிக்ஸில் வந்த சிக்ஆக்‌ஷன்() இந்த விஷயத்தில் நிம்மதி. என்ன வேண்டுமோ அதைக் கொடியாகச் சொல்லிவிடலாம், மூன்று இயங்குதளங்களிலும் அப்படியே நடக்கும். ஆனால் சிக்னலால் தடைபட்ட அழைப்பைத் தானாகத் தொடரச் சொல்லும் எஸ்ஏ_ரீஸ்டார்ட் கொடியைப் போட்டதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ரீட்() தானாகத் தொடரும். லினக்ஸில் போல்(), ஈபோல்_வெயிட்() போன்ற காத்திருக்கும் அழைப்புகள் கொடி இருந்தாலும் ஈஇன்டர் (சிக்னல் குறுக்கிட்டது) பிழையோடுதான் திரும்பும். க்ளோஸ்() ஈஇன்டர் தந்தால் என்ன ஆகும் என்பதைப் போசிக்ஸ் நெடுநாள் திறந்தே விட்டிருந்தது. லினக்ஸில் கோப்பு அப்போதே மூடப்பட்டிருக்கும். திரும்ப மூடப்போனால் இன்னொரு த்ரெட் அதே எண்ணில் புதிதாகத் திறந்த கோப்பு மூடிக்கொள்ளலாம். எச்பி-யுஎக்ஸ் என்ற யுனிக்ஸில் அந்தக் கோப்பு திறந்தே இருக்கும்.

ஹேண்ட்லர் நிரலை எந்த இடத்திலும் நிறுத்திவிட்டு ஓடும் என்பதால், அதற்குள் எதை அழைக்கலாம் என்பதற்குப் போசிக்ஸில் பட்டியலே உண்டு. ரைட்() அதில் இருக்கிறது. பிரின்ட்எஃப்(), நினைவகம் கேட்கும் மாலக்(), பதிவேட்டில் எழுதும் சிஸ்லாக்() இல்லை. கம்பைலர் வழக்கமாக இதற்கு எச்சரிப்பதில்லை, சோதனையிலும் பெரும்பாலும் சிக்காது. தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளில் 2024 ஜூலையில் வெளியான பாதுகாப்பு ஓட்டை இதே வகைதான்: லாகின் நேரம் தீர்ந்ததும் வரும் சிக்அலார்ம் சிக்னலின் ஹேண்ட்லர் சிஸ்லாக்()ஐக் கூப்பிட்டது. ஜிலிப்சியில் அது உள்ளே நினைவகத்தைக் கேட்கும். 2006இல் அடைத்த ஓட்டை திரும்பி வந்த கதை அது. ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் தப்பியது, ஹேண்ட்லருக்குள் அழைக்கக்கூடிய சிஸ்லாக்_ஆர்() அங்கே 2001 முதலே இருந்ததால்.

இப்போது என் ஹேண்ட்லர்கள் ஒரு பைப்புக்குள் (நிரலே மறுமுனையில் படிக்கும் குழாய்) ஒரு பைட் எழுதுவதோடு சரி. மற்றதெல்லாம் முதன்மை லூப்பில். எழுதுவதற்கு முன் கடைசிப் பிழை எண்ணைத் தாங்கும் எர்நோவை எடுத்துவைத்து, முடிந்ததும் திரும்ப வைத்துவிடுவேன். லினக்ஸுக்கு மட்டுமான நிரல் என்றால், சிக்னல்களைக் கோப்புபோலப் படிக்கத் தரும் சிக்னல்எஃப்டி() போதும். சிக்னல்() முழுக்க ஒதுக்கவில்லை: மறுமுனை மூடிய பைப்பில் எழுதினால் வரும் சிக்பைப் சிக்னலைப் புறக்கணிக்க அந்த ஒரே வரிதான் இன்னும் எழுதுகிறேன், அதற்கு எல்லா இடத்திலும் ஒரே அர்த்தம்.