பட்டறைக்காரனின் பென்ஷன்: என்பிஎஸ்ஸில் 12 வருடம்

கோவை ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் செட் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது தொழில். பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. கை ஓடும்வரைதான் காசு. ஆகவே பென்ஷனுக்கு வழி தேடியது கொஞ்சம் சீக்கிரமே, ஆனால் என்பிஎஸ் என்ற தேசிய பென்ஷன் திட்டத்துக்கு வரும் முன், முதலில் தேடிய இடம் தப்பு.

2008-ல் சித்தப்பா மகன் ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்கு ஏஜென்ட் ஆனான். "மூணு வருஷம் கட்டுனாப் போதுங்கண்ணா, அப்புறம் அதுவே ஓடிக்கும்" என்று சொல்லி ஒரு யூலிப் பென்ஷன் பாலிசியை, அதாவது கட்டும் பணத்தைச் சந்தையில் போடும் காப்பீட்டுத் திட்டத்தை, தலையில் கட்டினான். வருடம் 25,000. இரண்டாம் வருடம்தான் ஸ்டேட்மென்டைப் பிரித்துப் படித்தேன். முதல் வருடப் பணத்தில் 19,000 போலத்தான் முதலீட்டுக்கே போயிருந்தது. மீதி "அலொகேஷன் சார்ஜ்". அது போதாதென்று மாதாமாதம் யூனிட்டைக் கழித்து இன்னொரு கட்டணம். 75,000 கட்டி, 2011-ல் 61,000 வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். 2010 செப்டம்பரிலேயே யூலிப் கட்டணங்களுக்கு வரம்பு வந்துவிட்டது. ஆனால் அது புதுப் பாலிசிகளுக்கு.

அதே காலத்தில் பெருந்துறைப் பக்கம், பணம் கட்டினால் ஈமு கோழி வளர்க்கக் கொடுத்து மாதாமாதம் பணமும் போனஸும் தருவதாகச் சொன்ன திட்டம் சக்கைப்போடு போட்டது. 2012-ல் அது கவிழ்ந்தபோது எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் அடுப்பு எரியவில்லை. அதற்குப் பிறகு எவன் வட்டி, போனஸ் என்று வாயைத் திறந்தாலும் எனக்குக் கை தானாகப் பாக்கெட்டைப் பொத்திக்கொள்ளும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஷாஃப்டைக் கடைந்தவனே அதை இன்ஸ்பெக்ஷன் பண்ணக் கூடாது. எவ்வளவு நல்ல ஆளாக இருந்தாலும் மைக்ரோமீட்டர் வேறொருவன் கையில் இருக்க வேண்டும். என்பிஎஸ் பற்றி விசாரித்தபோது என்னை இழுத்தது இதுதான். பணத்தை வாங்குவது வங்கி. கணக்கு எழுதுவது தனி நிறுவனம். நான் சேர்ந்தபோது என்எஸ்டிஎல், இப்போது அதன் பெயர் புரோட்டியன். முதலீடு செய்வது நாம் தேர்ந்தெடுக்கும் நிதி மேலாளர்: எஸ்பிஐ, எல்ஐசி, யுடிஐ, ஹெச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ, கோட்டக் என்று பலர். சொத்து இருப்பது என்பிஎஸ் டிரஸ்ட் பெயரில், நமக்காக. இவர்கள் எல்லோருக்கும் மேலே, பென்ஷன் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான பிஎஃப்ஆர்டிஏ. நடுவில் சில மேலாளர்கள் இந்தத் தொழிலை விட்டே போனார்கள். அவர்களிடம் இருந்தவர்களின் பணம் வேறு மேலாளருக்கு மாறியது, அவ்வளவுதான். ஈமு கோழியில் கோழி கொடுத்ததும் கம்பெனிக்காரன், தீவனம் கொடுத்ததும் அவன், கணக்கு நோட்டும் அவனிடம்.

கட்டணமும் சின்னது. 2009-ல் பொதுமக்களுக்குத் திறந்தபோது நிதி மேலாண்மைக் கட்டணம் 0.0009 சதவீதம், அதாவது லட்சத்துக்கு 90 பைசா. அந்தக் காசுக்கு எவன் வேலை பார்ப்பான் என்று எனக்கே சந்தேகம் வந்தது. பிறகு ஏறியது. 2021 ஏப்ரலில் வந்த அட்டவணைப்படி 0.03 முதல் 0.09 சதவீதம். ஏறியும் அந்த அட்டவணையில் லட்சத்துக்கு 90 ரூபாயைத் தாண்டவில்லை.

2013-ல் சேரப் போனேன். நான் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையில், "அது கவர்ன்மென்ட் ஆளுங்களுக்குங்க சார், உங்களுக்கு இத விட நல்ல ஸ்கீம் இருக்கு" என்று ஓர் இன்சூரன்ஸ் படிவத்தை நீட்டினார்கள். சும்மா இல்லை, என்பிஎஸ்ஸில் அவர்களுக்குக் கிடைக்கும் கமிஷன் டீச்செலவுக்குத்தான் காணும். மூன்று தடவை நடந்த பிறகு படிவம் கிடைத்தது.

அப்புறம் இனிஷியல் தகராறு. பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கிறது, ஆதாரில் ஒற்றை எழுத்து. படிவத்தை ஏற்றியவர் இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒரு பெயரை உருவாக்கிவிட்டார். பிரான் எனும் 12 இலக்க என்பிஎஸ் கணக்கு எண்ணோடு அட்டை வந்தபோது, அதில் இருந்தவர் யாரென்று என் மனைவி கேட்டாள். திருத்த ஐந்து மாதம் ஆனது. கிளையில் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொன்னேன். சேருகிறவர்கள் பணம் கட்டும் முன் பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரை ஒன்றாக்கிவிடுங்கள். நமக்குப் பிறகு நாமினி அலையாமல் இருக்க வேண்டுமே.

மின்வெட்டு காலத்துக் கடன் ஒரு வருடம் கழுத்தை நெரித்தது. அப்போது ஆண்டுக்குக் குறைந்தது 6,000 கட்ட வேண்டும். நான் கட்டவில்லை, கணக்கு முடங்கியது. 2016-ல் அந்த வரம்பை 1,000 ஆக்கினார்கள். பட்டறைக்காரனுக்கு ஏற்ற எண் அதுதான்.

2020 மார்ச்சில் சந்தை விழுந்தபோது என் பணத்தில் பாதி பங்குகளில் இருந்தது. பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இது அவ்வளவு எளிதில் தொட முடியாத பணம் என்பதால் விற்றுவிட்டு ஓடவும் வழியில்லை. அந்தப் பூட்டுதான் என்னைக் காப்பாற்றியது என்று இப்போது சொல்லலாம், அன்று திட்டினேன். மறு வருடம் நிதி மேலாளரை மாற்றினேன். ஆண்டுக்கு ஒரு தடவை மாற்றலாம். வீட்டில் உட்கார்ந்தே முடிந்தது, யாரும் போன் செய்து கெஞ்சவில்லை. பழைய யூலிப்பை மூட நான் எத்தனை கையெழுத்துப் போட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

குறைகளும் உண்டு. மகள் கல்லூரிச் சேர்க்கைக்குப் பணம் எடுக்கப் பார்த்தால், நான் கட்டிய தொகையில் 25 சதவீதம் மட்டும்தான் கிடைக்கும், வளர்ச்சியில் கை வைக்க முடியாது. 50,000 ரூபாய்க்கான கூடுதல் வரிக்கழிவு பழைய வரி முறையில்தான். புதிய முறைக்கு மாறியதும் எனக்கு அது போயிற்று. வரிக்காக மட்டும் சேர்ந்த நண்பர்கள் பலர் அதோடு கட்டுவதையே நிறுத்திவிட்டார்கள்.

பெரிய மனக்குறை ஆன்யுட்டி. நான் சேரும்போது, அறுபதில் 40 சதவீதத்தை ஒரு காப்பீட்டுக் கம்பெனியிடம் கொடுத்து மாதப் பென்ஷன் வாங்கியே தீர வேண்டும். சுற்றிச் சுற்றிக் கடைசியில் அதே வாசலுக்குத்தான் போகிறோமா என்று இருந்தது. சாதாரண ஆன்யுட்டியில் தொகை வருடா வருடம் ஏறாது, அதற்கு வருமான வரியும் உண்டு. 2025 டிசம்பரில் அரசு ஊழியர் அல்லாதவர்களுக்கு அந்த 40-ஐ 20 ஆகக் குறைத்தார்கள். நல்லதுதான். ஆனால் கைக்கு வரும் மீதி 80 சதவீதத்தை யாரிடம் தருவது என்று அப்போது திரும்பவும் இதே கேள்வி வரும்.

பட்டறையில் இருக்கும் ஹெல்பருக்கு இதெல்லாம் சரிப்படாது. அவனை அரசின் அடல் பென்ஷன் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். 18 முதல் 40 வயதுக்குள், வருமான வரி கட்டாதவராக இருக்க வேண்டும். அறுபதுக்கு மேல் மாதம் 1,000 முதல் 5,000 வரை நிச்சயத் தொகை. பணம் பிடித்த எஸ்எம்எஸ் வந்தால் என்னிடம் கொண்டுவந்து காட்டுவான்.

போன மாதம் சித்தப்பா மகன் வந்திருந்தான். இப்போது வேறு கம்பெனி, வேறு பென்ஷன் திட்டம், பளபளப்பான புத்தகம். காபி கொடுத்துவிட்டு, "சார்ஜ் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"அத விடுங்கண்ணா, ஏழாம் பக்கத்துல போனஸ் பாருங்க" என்றான்.