மூட்டைக் கணக்கில் நடக்கும் போர்: பேனர்லார்ட் விளையாட்டு விமர்சனம்

வெடிமருந்து இல்லாத உலகத்துப் போரைக் காட்டும் கணினி விளையாட்டுகள் பெரும்பாலும் வாளோடும் வில்லோடும் நின்றுவிடுகின்றன. அங்காராவில் இயங்கும் டேல்வேர்ல்ட்ஸ் நிறுவனம் 2020 மார்ச்சில் முன்னோட்டப் பதிப்பாகவும் 2022 அக்டோபரில் முழுமையாகவும் வெளியிட்ட 'மவுண்ட் அண்டு பிளேடு 2: பேனர்லார்ட்' என்னை இத்தனை காலம் பிடித்து வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. படை என்ன தின்கிறது, எதில் சுமக்கிறது, எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பவற்றை அது ஒவ்வொரு நாளும் கணக்கெடுக்கிறது. குதிரைமேல் அமர்ந்து ஈட்டி பாய்ச்சும் அழகைப் பலரும் எழுதிவிட்டதால், நான் மூட்டை முடிச்சுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கதை நடக்கும் கால்ரேடியா என்ற கற்பனைக் கண்டத்தில், மூன்றாகப் பிளந்த ஒரு பேரரசும் அதைச் சுற்றி ஐந்து அரசுகளும் ஓயாமல் மோதிக்கொண்டிருக்கின்றன. இருபது பேருக்கு நாளொன்றுக்கு ஓர் அலகு உணவு என்பது அடிப்படைக் கணக்கு. தானியம் மட்டும் இருந்தாலும் வயிறு நிறையும். ஆனால் மீன், இறைச்சி, பாலாடைக்கட்டி, ஆலிவ், பேரீச்சை என்று வகை கூடக்கூடப் படையின் மனவுறுதி ஏறும். கோவேறு கழுதைகளைச் சேர்த்தால் கூடுதலாகச் சுமக்கலாம், ஆனால் மந்தை அளவு மீறினால் நடை தளரும். காயம்பட்டவர்களும் கைதிகளும் வேகத்தைக் குறைப்பார்கள், காலாட்களுக்கு உபரிக் குதிரைகள் இருந்தால் வேகம் கூடும். பனியும் காடும் இரவும் தத்தம் பங்குக்கு இழுத்துப் பிடிக்கும். பல பிரபுக்களைத் திரட்டிப் பெரும்படை அமைத்தாலோ, அதன் ஒருங்கிணைவு நாள்தோறும் சரிய, நம் செல்வாக்கைச் செலவழித்துத்தான் அதைக் கட்டிக்காக்க முடியும்.

இந்தக் கணக்குகளெல்லாம் ஒன்றுகூடும் இடம் முற்றுகை. ஒருமுறை 240 வீரர்களோடு, நாளுக்கு 12 அலகு வீதம் இருபத்தைந்து நாட்களுக்கு 300 அலகு உணவை ஏற்றிக்கொண்டு, மதில் வலுவான ஒரு நகரைச் சூழ்ந்தேன். அதற்கு முன்பே, அந்த நகருக்குத் தானியம் அனுப்பிவந்த கிராமங்களைக் கொள்ளையிட்டு எரித்திருந்தேன். வண்டிகள் வரவில்லை, நகரின் இருப்பு நாளுக்கு நாள் இறங்கியது, இருப்பு தீர்ந்ததும் காவற்படை பட்டினியால் கரையத் தொடங்கியது, பிறகு ஏணி சாத்தி ஏறுவது எளிதாயிற்று. நகர் என் கைக்கு வந்த மறுநாள் காலையில் அதன் விவரப் பக்கத்தைத் திறந்தபோது உணவுக்கு நேரே கழித்தல் குறிதான் இருந்தது. எரிந்த கிராமங்கள் மீண்டெழும்வரை அங்கிருந்து ஒரு மூட்டையும் வராது. நகரைக் காக்க நான் நிறுத்திய வீரர்களே பசியில் குறைய ஆரம்பித்ததால், பாதிப் பேரைத் திரும்ப அழைத்துக்கொண்டேன். மதிலை வளைப்பதை உழிஞை என்றும் மதிலைக் காப்பதை நொச்சி என்றும் நம் இலக்கணம் பிரித்துப் பெயரிட்ட இரு பக்கங்களையும் ஒரே வாரத்தில், ஒரே மதிலில் நின்று அனுபவிக்க வைத்த வேறொரு விளையாட்டை நான் ஆடியதில்லை.

இவ்வளவு நுணுக்கமாக எண்ணுகிற விளையாட்டு, குதிரையின் வயிற்றை அடியோடு மறந்துவிட்டது என்பதே என் பெரிய மனக்குறை. நூறு குதிரைகள் வைத்திருந்தாலும் அவை எதையும் தின்பதில்லை. உண்மையில் ஒரு குதிரைக்கு நாளொன்றுக்குத் தானியமும் வைக்கோலுமாகச் சுமார் பத்துக் கிலோ தீவனம் வேண்டும், மனிதனுக்கோ ஒன்றரைக் கிலோ தானியம் போதும். மேய்ச்சல் இல்லாத நிலத்தில் நூறு கிலோ சுமக்கும் விலங்கு தன் சுமையைத் தானே பத்து நாட்களில் தின்று தீர்த்துவிடும் என்பதால்தான், பழங்காலப் படைகள் புல் முளைக்கும் பருவத்தையும் ஆற்றங்கரையையும் படகுப் போக்குவரத்தையும் நம்பி நடந்தன. தண்ணீரும் இங்கே கணக்கில் இல்லை. கி.மு. 325இல் அலெக்சாந்தரின் படை கெத்ரோசியப் பாலையில் (இன்றைய பலூசிஸ்தான்) தண்ணீரின்றிப் பட்ட பாட்டைப் படித்தவர்களுக்கு, இந்த விளையாட்டின் தெற்குப் பாலைநிலத்தில் தண்ணீரைப் பற்றி நினைக்காமலே படை நடத்துவது நிச்சயம் உறுத்தும். பாசறை நோய்களும் இல்லை, தாய்நாட்டிலிருந்து பின்தொடர்ந்து வரும் உணவு வண்டித்தொடரும் இல்லை. அப்படியொரு தொடர் இருந்து, அதை எதிரிக் குதிரைப்படையிடமிருந்து காக்கும் வேலையும் நம் தலையில் விழுந்திருந்தால் இந்த விளையாட்டு எங்கோ போயிருக்கும்.

இருந்தாலும், படை நடத்துவதில் ஆர்வமுள்ளவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். சண்டைக் காட்சிகள் மட்டும் வேண்டுவோருக்குச் சந்தைக்குச் சந்தை அலைவது சலிப்பூட்டக்கூடும். புதிதாகத் தொடங்குபவர்கள் கையிலிருக்கும் தெனார் நாணயங்களை நல்ல வாளுக்குக் கொட்டாமல், முதல் ஊரிலேயே இரண்டு கோவேறு கழுதைகளையும் பத்து மூட்டைத் தானியத்தையும் கொஞ்சம் மீனையும் வாங்கிக்கொண்டு ஆள் சேர்க்கக் கிளம்புவது நல்லது.