பிளேட்டுக்குப் பணம் வாங்கினார், பிளேட்டே போடவில்லை: பெட்டி அச்சடிக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

நான் கையால் சோப்பு செய்து விற்கிறேன். பெட்டி அச்சடிக்கக் கொடுத்த இடத்தில் ஏமாந்துவிட்டேன். என்னைப் போலச் சின்ன அளவில் தொழில் செய்கிற இன்னொருவர் இதே இடத்தில் மாட்டக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

3000 பெட்டிகள் தேவைப்பட்டன. அட்டை முழுக்க அடர்பச்சை, அதன் மேல் கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். அச்சகக்காரர் ஆஃப்செட், டிஜிட்டல் இரண்டையும் விளக்கினார். ஆஃப்செட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி பிளேட், அதாவது அச்சுத் தகடு, போட வேண்டும். ஆரம்பச் செலவு கூடுதல்தான், ஆனால் எண்ணிக்கை ஏற ஏற ஒரு பெட்டிக்கு விழும் செலவு குறையும். டிஜிட்டலில் கம்ப்யூட்டரிலிருந்து நேராக அடிப்பதால் பிளேட் கிடையாது. 100 பெட்டி மட்டும்கூட அடிக்கலாம்.

நான் ஆஃப்செட் கேட்டது செலவுக்காக மட்டும் இல்லை. அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் வாடிக்கையாளர்கள் எங்கள் சோப்பை எடுக்கிறார்கள். ஆஃப்செட்டில் பேன்டோன் எண், அதாவது அச்சுத் தொழிலில் ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள அடையாள எண், கொடுத்தால் அந்தப் பச்சையைத் தனி மையாகவே கலந்து அடிப்பார்கள். இதை ஸ்பாட் கலர் என்பார்கள். பச்சைக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று என 2 பிளேட்டுக்குத் தனியாகப் பில் போட்டார். மறுபேச்சு இல்லாமல் கொடுத்தேன்.

பெட்டிகள் இரண்டு தவணையாக வந்தன. முதல் 1000 பெட்டிகளை மடித்தபோதே மடிப்பு ஓரங்களில் நிறம் வெடித்து, வெள்ளைக் கோடு தெரிந்தது. மடிப்பதற்காக அட்டையில் அழுத்திப் போடும் கோடு (கிரீஸ்) சரியாக விழாவிட்டால் ஆஃப்செட்டிலும் இப்படி ஆகும். அதனால் அட்டையைப் பெட்டி வடிவில் வெட்டி அந்தக் கோடு போடும் டை கட்டிங்கைத்தான் சந்தேகப்பட்டேன். அடுத்த 2000 வந்ததும் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. முதல் தவணையில் நீலம் கலந்த பச்சை, இதில் மஞ்சள் ஏறிய பச்சை. ஒரே மையைக் கலந்து ஒரே ஓட்டத்தில் அடித்திருந்தால் இவ்வளவு வித்தியாசம் வராது.

இன்னொரு அச்சகத்தில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். 10 மடங்கு பெரிதாக்கும் சின்னக் கண்ணாடியைப் பெட்டி மேல் வைத்து, "நீங்களே பாருங்க" என்றார். ஸ்பாட் கலராக இருந்தால் பச்சை ஒரே பரப்பாகத் தெரிய வேண்டும். இங்கே நீலமும் மஞ்சளும் கறுப்புமாகப் புள்ளிகள். எழுத்துகளைச் சுற்றித் தூவினாற்போல மெல்லிய டோனர், அதாவது டிஜிட்டல் மெஷினில் மைக்குப் பதிலாகப் போடும் நிறத்தூள். டோனர் அட்டைக்குள் ஊறாமல் மேலே படலமாக உட்காருகிறது, அதனால்தான் மடிப்பில் வெடித்தது என்றார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கை நடுங்கியது.

திரும்பப் போய் பிளேட்டைக் காட்டச் சொன்னேன். முதலில் தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார். அப்புறம் மெஷின் ரிப்பேர், அவசரத்துக்கு டிஜிட்டலில் அடித்தோம், இரண்டும் ஒன்றுதானே என்றார். ஒன்றில்லை! டிஜிட்டலை நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு வாசனைக்கும் தனிப் பெயர் போட்டு வகைக்கு 200 பெட்டி வேண்டுமென்றால் நானே அதைத்தான் கேட்பேன். ஒன்றைச் சொல்லிப் பணம் வாங்கிவிட்டு இன்னொன்றைத் தந்ததுதான் மோசடி. மூன்று வாரம் அலைந்த பிறகு பிளேட் பணம் மட்டும் திரும்பி வந்தது.

என் தவறும் ஒன்று உண்டு. மாதிரியை செல்போன் திரையில் பார்த்தே சரி என்று சொல்லிவிட்டேன். திரையில் தெரிவது ஒளியின் நிறம். அட்டையில் மை அப்படியே வராது. எந்த முறையில் அடித்தாலும், பெட்டிக்குப் போகும் அதே அட்டையில் ஒரு மாதிரி அடித்து வாங்குங்கள். அதை மடித்துப் பாருங்கள், கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அந்த மாதிரியில் கையெழுத்துப் போட்டு ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அச்சு முறை, பேன்டோன் எண், பிளேட் யாருக்குச் சொந்தம் என்ற மூன்றையும் ஆர்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். வெறும் "பிரின்டிங்" என்று பில் போட்டால் பின்னால் எதையும் கேட்க முடியாது.

இந்த முறை அண்ணனின் அச்சகத்திலேயே கொடுத்தேன். முதல் தாள்கள் வெளியே வந்தபோது மெஷின் பக்கத்தில் நின்று, அட்டையில் முன்பே அடித்து வாங்கிய மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மை கொஞ்சம் கூடுதலாக இருந்தது, குறைத்தார்கள். மூன்றாவது முறைதான் எங்கள் பச்சை வந்தது. அந்தத் தாளில்தான் கையெழுத்துப் போட்டேன்.