ஹேமர் செய்ஸ்மிக் சர்வே: காய்ஞ்ச மண்ணு, ஈர மண்ணு ரெண்டுலயும் பல வருஷ அனுபவம்

தரைய சுத்தியலால அடிச்சு, அந்த அதிர்வு மண்ணுக்குள்ள எவ்ளோ வேகமா போகுதுன்னு பாத்து கீழ என்ன இருக்குன்னு கண்டுபுடிக்கிறதுதான் இந்த சர்வே. அதிர்வ பதியுற 24 சேனல் செய்ஸ்மோகிராஃப், தரையில நட்டு அதிர்வ புடிக்கிற 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன், 8 கிலோ ஹேமர், அடி வாங்க ஒரு இரும்பு பிளேட்டு. பல வருஷமா இத வச்சுதான் ரிஃப்ராக்‌ஷன், எம்ஏஎஸ்டபிள்யூ ரெண்டும் ஓட்டிட்டு வர்றேன். மொதல்ல சொன்னது P அலையோட (மண்ண அமுக்கி தள்ளிட்டு போற அலை) வேகத்த குடுக்கும், எம்ஏஎஸ்டபிள்யூ தரை மேலாப்புல ஓடுற அலைய வச்சு S அலையோட (மண்ண குறுக்கால ஆட்டிட்டு போற அலை) வேகத்த குடுக்கும். எந்த மெஷின் வாங்கலாம்னு கேக்குறவங்க நெறைய பேர், எந்த மாசத்துல சர்வே பண்ணலாம்னு யாருமே கேக்குறதில்ல, எனக்கு அதுதான் பெரிய கேள்வியா படுது.

மே மாசம் சென்னை கடலோர மணல்ல வேலை செஞ்சு பாருங்க. ஜியோபோனோட ஸ்பைக் (அடியில இருக்குற ஆணி) நிக்காது, அடிக்கிற அடிய மணலே குடிச்சிடும், ஹை ஃப்ரீக்வென்சி போய்டும், கடைசி ஜியோபோன்ல ஃபர்ஸ்ட் பிரேக்க (அதிர்வு மொதல்ல வந்து சேர்ற எடத்த) தேடித்தான் புடிக்கணும், ஸ்டாக் (ஒரே எடத்துல பல தடவ அடிச்சு பதிவ கூட்டுறது) ஏத்தி ஏத்தி கை ஓஞ்சுடும். மேல் மணல ஒதுக்கிட்டு ஈரம் தட்டுற எடத்துல ஜியோபோன நட்டா, இல்ல அந்த குழியில கொஞ்சம் தண்ணி ஊத்தி மிதிச்சு நட்டா, அப்பவே ட்ரேஸ் (ஜியோபோன் பதிவு கோடு) தெளிவாயிடும். ஐப்பசி மழைக்கு அப்புறம் அதே லைன் எவ்ளோ சுத்தமா வருதுன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும்.

ஆனா சிக்னல் நல்லா வருதேன்னு நம்பர அப்படியே நம்பிடக் கூடாது. காய்ஞ்ச மணல்ல P அலை செகண்டுக்கு 300, 400 மீட்டர்னு போகும், நீர்மட்டத்த தாண்டுனதும் ஒரே தாவா 1500ஐ தொட்டுடும், ஏன்னா தண்ணியிலயே அதோட வேகம் கிட்டத்தட்ட அவ்ளோதான். நல்லா சிதைஞ்ச பாறையும் இதே மாதிரி நம்பர் காட்டலாம், அப்போ நீங்க பாக்குறது பாறையா தண்ணியான்னு P அலைய மட்டும் வச்சு சொல்லவே முடியாது. இன்னொண்ணு, மண் முழுசா நனைஞ்சிருந்தாதான் இந்த தாவல் வரும், மண் துகளுக்கு நடுவுல உள்ள துளைக்குள்ள கொஞ்சூண்டு காத்து மிச்சம் இருந்தாலும் வேகம் சட்டுனு எறங்கிடும். தொட்டா ஈரமா இருக்குற மண்ணு 1500 காட்டும்னு நெனைக்காதீங்க.

அதனாலதான் எம்ஏஎஸ்டபிள்யூவையும் சேத்தே எடுக்க சொல்றேன். தண்ணி S அலைய தாங்காது, மண் துகள் எலும்புக்கூடுதான் தாங்குது, அதனால நீர்மட்டத்துல S வேகத்துக்கு பெரிய தாவல் வராது. P ஏறி S ஏறலன்னா அது தண்ணி, ரெண்டும் சேந்து ஏறுனா கெட்டி மண்ணு இல்ல பாறை.

கரிசல் மட்டும் தனி கதை. கோடையில காய்ஞ்சு இறுகிப்போய் மேல் ரெண்டு மூணு மீட்டர்ல S வேகம் நல்லா கூடி நிக்கும், மழைக்கு அப்புறம் அதே எடம் தொளதொளன்னு எறங்கிடும். ஆழம் குறைஞ்ச ஃபவுண்டேஷன் போடுறவங்களுக்கு கோடை டேட்டா மட்டும் இருந்தா ஆபத்து, மழைக்கால நம்பரையும் வாங்கிக்கோங்க.

எனக்கு புடிச்ச நேரம் மழை விட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு. மழையிலயே வேணாம், துளி விழுற சத்தமே ட்ரேஸ்ல ஏறும், கனெக்டர்ல ஈரம் போனா கரண்ட் கம்பியோட 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் சேந்து வரும். கனெக்டர தரையில படாம தூக்கி வைங்க, ராத்திரி காய வச்சு எடுத்து வைங்க.

யாராவது ரிப்போர்ட் குடுத்தா சர்வே தேதி, கடைசியா மழை எப்போ, பக்கத்து கிணத்துல தண்ணி எத்தன அடியில இருந்துச்சு, இந்த மூணையும் கேட்டு வாங்குங்க. அது இல்லாத, மண்ணடுக்க காட்டுற செக்‌ஷன வச்சு பைல் (ஆழத்துக்கு எறக்குற தூண் அஸ்திவாரம்) ஆழம் முடிவு பண்ணாதீங்க, ஒரு போர்ஹோலாவது போட்டு பாத்துட்டு செய்யுங்க.